முக்காற் பங்கு எங்கே?

ஆசிரியர் சொல்வதை மாணவன் எத்துணை ஊன்றிக் கேட்டாலும் அவனுக்குக் கல்வியிற் காற்பங்குதான் வாய்க்கும். உடன்பயில்வோரோடு கூடிப் பழகும்போது இன்னொரு காற்பங்கு வந்து சேரும். தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் கைகூடிப் புலமை நிறைவுறும். இது நன்னூலின் பாயிரத்திலே பவணந்தி முனிவர் காட்டும் கணக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்நூலை நம்மிற் பலர் புணர்ச்சி விதிக்காகவே புரட்டியிருப்போம். ஆயினும், கணினிவழிக் கல்வியைப் பற்றிப் பேச முற்படும் எவரும் முதலிற் படிக்க வேண்டிய பகுதி அப்பாயிரமே என்பது என் துணிபு.

ஏனெனில், 2020 மார்ச்சு மாதத்தில் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கையடக்கத் தொலைபேசி வழியே வந்தது அந்த முதற் காற்பங்கு மட்டுமே. அதுவும் எல்லார்க்கும் முழுமையாக வந்து சேரவில்லை. மற்றைய முக்காற் பங்கு எங்கே போயிற்று என்று கேட்டவர் மிகச் சிலரே. தொற்று நீங்கிப் பாடசாலைகள் திறந்ததும் அக்கேள்வி அடியோடு மறக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்தில் ஒரு தொலைபேசி

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எஹலியகொட. இறப்பரும் தேயிலையும் மாணிக்கக் குழிகளும் சூழ்ந்த ஊர். நுவரெலியா மாவட்டத்திலே நம்மவர் பெருந்தொகையினராய் ஒருங்கே வாழ்கின்றனர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலை வேறு. இங்கே சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே தோட்டங்கள். தோட்டங்களுக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாய் லயங்கள். தமிழ்ப் பாடசாலைகள் சிறியவை. ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்க விரும்பும் பிள்ளைக்கு வாய்ப்பு அரிது. சிலர் மாவட்டத்தை விட்டு வெளியேறிப் படிக்கின்றனர். சிலர் சிங்கள மொழிமூலத்துக்கு மாறுகின்றனர். இரண்டுக்கும் வழியற்றோர் படிப்பையே விட்டுவிடுகின்றனர்.

ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அதே அளவுக்குக் கொடிய மற்றொரு குறையைப் பற்றிப் பேசுவதில்லை. அது உடன்பயில்வோர் பற்றாக்குறை. எஹலியகொடத் தோட்டமொன்றில் கணக்கில் ஆர்வமுள்ள பத்தாந் தரத்துச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தெரணியகலையில் அவளையொத்த ஒருத்தி, யட்டியாந்தோட்டையில் ஒருவன், இறக்குவானையில் ஒருவன் இருக்கக்கூடும். நால்வரும் ஒரே இரவில் ஒரே கேள்வியிலே தடுமாறிக் கொண்டிருக்கவும் கூடும். ஆனால் ஒருவரை ஒருவர் அறியார். இந்நால்வரையும் ஒரு திண்ணையில் அமர்த்துவதே கணினியும் இணையமும் நமக்குச் செய்யக்கூடிய தலையாய தொண்டு.

பெருந்தொற்றுக் காலத்திலே நிகழ்ந்தது என்ன? வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு அமைக்கப்பட்டது. பாடநூலின் பக்கமோ பயிற்சித்தாளோ நிழற்படமாக வந்தது. வீட்டிலுள்ள ஒரே தொலைபேசி தந்தையின் சட்டைப்பையிலே கொழும்புக்குப் போயிருந்தால், அவர் திரும்பும் வரை பாடமும் காத்திருந்தது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யார் முதலில் பார்ப்பது என்ற வழக்கு எழுந்தது. ரீலோட் போட்ட பணம் தீர்ந்ததும் பாடமும் தீர்ந்தது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்னும் சிற்றூரிலே, அலைத்தொடர்பை நாடி ஆசிரியரும் மாணவரும் காட்டு வழியே மலையுச்சிக்கு ஏறிச் சென்ற காட்சியை 2021ஆம் ஆண்டில் உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. அந்த மலை நம் மாவட்டங்களிலும் பல உண்டு.

இவையெல்லாம் வறுமையின் இடர்கள். பலரும் எடுத்துச் சொன்னவை. சொல்லப்படாத இடர் ஒன்று உண்டு. பல குழுக்களிலே, குழுவை நடத்துபவர் மட்டுமே எழுதலாம் என்று பூட்டுப் போடப்பட்டிருந்தது. பிள்ளைகள் தேவையற்றதை எழுதிக் குவிப்பர் என்ற அச்சமே அதற்குக் காரணம். பூட்டில்லாத குழுக்களிலும் பிள்ளைகள் எழுதியவை பெரும்பாலும் 'கிடைத்தது', 'நன்றி சேர்' என்பவைதாம். அறியாததை அறியாதது என்று எழுதவும், அதைக் கண்ட மற்றொரு பிள்ளை விளக்கவும் அங்கே இடம் வகுக்கப்படவில்லை. 2021 ஜூலையிலே சம்பள முரண்பாட்டை முன்னிட்டு ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அப்போராட்டத்தின் நியாயம் தனியே ஆராயத்தக்கது. ஆயின், ஆசிரியர் மௌனமானதும் குழுக்களும் மௌனமாயின என்பது நாம் கருத வேண்டிய உண்மை. ஒலிபெருக்கியின் கம்பி அறுந்தால் கூட்டம் கலைந்து போகும். திண்ணையிலே கூடியிருப்போர், ஆசிரியர் எழுந்து போனாலும் பேசிக்கொண்டே இருப்பர்.

ஆசிரியர்களைக் குறை கூறுவது என் கருத்தன்று. தம் பணத்திலே ரீலோட் போட்டு, தம் பிள்ளைகளின் தொலைபேசியை வாங்கிப் பாடம் அனுப்பியவர் பலர். அவர்கள் கையிலே கொடுக்கப்பட்ட கருவி கற்றலுக்கென்று வகுக்கப்பட்டதன்று என்பதே என் முறைப்பாடு.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

கூடிக் கற்பதற்குக் கருவி வகுப்பது புதிய யோசனையோ என்று ஐயுறுவோர் 1789ஆம் ஆண்டுச் சென்னையை நினைவு கூரவேண்டும். எழும்பூரிலே படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த இல்லத்தை மேற்பார்வை செய்துவந்த அண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், அயலிலிருந்த நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் ஒழுங்கையும் ஏற்படுத்தினார். 1797இல் இலண்டனிலே அவர் வெளியிட்ட அறிக்கையின் பயனாக அது 'மதராஸ் முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கடல்கடந்து சென்ற வரலாறு இது.

ஆனால் அவ்வரலாற்றுக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. இங்கிலாந்திலே அம்முறை, நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் நிறுத்தி ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் காரியத்தை முடிக்கும் சிக்கன வழியாக மாறியது. பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் விளக்குவது போய், ஒப்புவிக்கச் செய்வதே மிஞ்சியது. கூடிக் கற்றல் என்ற பேரைச் சொல்லி ஆசிரியரைக் குறைக்க முனையும் எவரையும் நாம் எச்சரிக்கையோடு நோக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. தோட்டப் பாடசாலைக்கு வேண்டிய ஆசிரியரை நியமிப்பது அரசின் கடன். எந்த மென்பொருளும் அக்கடனைத் தீர்த்துவிடாது.

இயந்திரத்துக்குள் ஒரு திண்ணை

கணினி யுகத்திலும் இதே கதை நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டளவில் 'பிளேட்டோ' என்னும் கற்பிக்கும் கணினி அமைப்பு உருவாயிற்று. ஒவ்வொரு மாணவனும் தனித்தனியே திரையின் முன் அமர்ந்து பாடம் பயில வேண்டும் என்பதே அதன் எண்ணம். 1973இல் பதினேழு வயது இளைஞனான டேவிட் வூல்லி, அதில் குறிப்பெழுதி மறுமொழி பெறும் பகுதியொன்றை அமைத்தான். நாளடைவில் அப்பகுதியைச் சுற்றி ஒரு சமூகமே வளர்ந்துவிட்டது. தனியே கற்கவென்று கட்டிய மண்டபத்திலே மனிதர் தமக்கென ஒரு திண்ணையைத் தாமே கட்டிக்கொண்டனர்!

தற்செயலாக முளைத்த அத்திண்ணையைத் திட்டமிட்டே கட்ட முனைந்தவர்கள் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பணியாற்றிய மார்லீன் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரைட்டரும். 1980களில் அவர்கள் வகுத்த மென்பொருளிலே பாடம் என்று எதுவும் முன்கூட்டி ஏற்றப்பட்டிருக்கவில்லை. வெற்றுப் பலகையே இருந்தது. மாணவர் அதில் எழுதுவர். எழுதத் தொடங்குமுன் தாம் எழுதுவது எத்தகையது என்று அடையாளமிடுவர். 'என் கருத்து', 'நான் அறிய வேண்டியது', 'புதிய தகவல்' என்னும் பொருளுடைய சிறு தலைப்புகள் அதற்கென அமைந்திருந்தன. ஒரு பிள்ளையின் கருத்தின் மீது மற்றொரு பிள்ளை தன் கருத்தைக் கட்டும். பழையது அழியாது நிற்கும். யார் எதைச் சேர்த்தார் என்பது விளங்கும். 'நான் அறிய வேண்டியது' என்னும் சிறு தலைப்பு எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அறியாமையைச் சொல்வது வெட்கத்துக்குரியதன்று, அது ஒரு பங்களிப்பே என்று பிள்ளைக்கு அது கற்பிக்கிறது.

மூடில் என்னும் மென்பொருளின் பிறப்பும் நமக்குப் பாடமாகும். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறக் குடியிருப்பொன்றில் வளர்ந்து, சிறுவயதிலே சிற்றலை வானொலி வழியே பள்ளிப் பாடம் கேட்ட மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் அதனை வகுத்து, 2002இல் இலவசமாக வெளியிட்டார். தொலைவிலிருக்கும் பிள்ளையின் தனிமையை அறிந்தவர் செய்த கருவி அது. கலந்துரையாடலுக்கும் கூட்டு ஆக்கத்துக்கும் அதில் விரிந்த இடம் உண்டு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அது வழங்குகிறது. ஆயினும் பல இடங்களில் அது குறிப்புகளை அடுக்கி வைக்கும் அலுமாரியாகவே பயன்படுவதைக் காண்கிறோம். திண்ணையைக் கட்டினால் மட்டும் போதாது. அதில் அமரும் வழக்கத்தையும் வளர்க்க வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

நம் மொழியிலேயே இத்தகைய திண்ணை இல்லையோ எனின், உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, யாழ்ப்பாணத்திலே பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் முதலாயினோரின் ஊதியமற்ற உழைப்பால் வளர்ந்து, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதன் சிறப்பு கட்டுரைத் தொகையில் மட்டும் அடங்கவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே ஓர் உரையாடற் பக்கம் இருக்கிறது. திருத்தங்களின் வரலாறு முழுவதும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் என்னும் மின்னூலகமும் 2005 முதல் தன்னார்வலர் பலரின் கைகளாலே வளர்ந்தது. தமிழர் கூடி அறிவை ஆக்க மாட்டார் என்று எவரும் சொல்ல முடியாது. சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளையின் கை அதிலே படவில்லை என்பதே நம் குறை.

எண்ணிக்கையும் உண்மையும்

இத்தகைய கருவி பயன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? அதிகாரிகள் எண்ணிக்கையை விரும்புவர்: எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை நிமிடம் இருந்தனர் என்று கேட்பர். இந்த எண்களாற் கற்றல் புலப்படாது. முதற் கேள்வியைக் கேட்டது யார்? விடை வர எத்தனை நாளாயிற்று? விடை தந்தது ஆசிரியரா, மற்றொரு பிள்ளையா? கேட்ட பிள்ளை பின்னொரு நாள் வேறொருவர்க்கு விளக்கியதா? பெண்பிள்ளைகள் பேசுகின்றனரா? இவற்றை அறிய வேண்டுமாயின் ஆய்வாளர் அந்த உரையாடலை வரிவரியாகப் படிக்க வேண்டும். லயத்துக்கு வந்து, அந்தத் தொலைபேசி எந்நேரத்தில் யார் கையிலே இருக்கிறது என்று பார்க்கவும் வேண்டும்.

பேசாத பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். இணையச் சமூகம் எதிலும் எழுதுவோர் சிலர். படித்துவிட்டுப் போவோர் பலர். அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளுதல் தவறு. நம் இறப்பர் மலைகளிலே பால் வெட்டுந் தொழில் எவ்வாறு கற்கப்படுகிறது? புதிதாக வந்தவர் அனுபவமுள்ளவரின் அருகே நிற்கிறார். கத்தி எந்தச் சாய்வில் இறங்குகிறது, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டை எவ்வளவு ஆழம் சீவப்படுகிறது என்று விடியற்காலையில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சிரட்டையைத் துடைத்து வைக்கிறார். பின்னரே கத்தி கைக்கு வருகிறது. லைபீரியா நாட்டுத் தையற்காரரிடம் தொழில் பழகுவோர், பொத்தான் தைப்பது போன்ற முடிவு வேலைகளில் தொடங்கிப் படிப்படியாகத் துணி வெட்டுவதற்கு உயர்வதை ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் என்னும் அறிஞர் இருவர் 1991இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினர். ஓரத்தில் நிற்பதும் கற்றலின் ஒரு படி என்பது அவர்கள் முடிபு. நம் தொழிலாளர் அதனை ஏடின்றியே அறிவர். ஆகவே, நல்ல மென்பொருள் மௌனமாயிருக்கும் பிள்ளையை விரட்டாது. அதன் கைக்கு ஏற்ற சிறு கத்தியொன்றை நீட்டும்.

மறுப்புரைகள்

பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் தவறானதைக் கற்பித்துவிடுவர் என்பது ஒரு மறுப்பு. தவறு நிகழும், ஐயமில்லை. ஆனால் எழுதப்பட்ட தவறு கண்ணுக்குத் தெரியும், தெரிவதைத் திருத்தலாம். தலையாட்டிவிட்டுப் போகும் பிள்ளையின் தலைக்குள்ளே கிடக்கும் தவற்றை யார் காண்பார்? ஆசிரியர் உடனே விடை சொல்லாது ஒரு நாள் பொறுத்து, பிள்ளைகள் முயன்ற பின் திருத்துவாராயின், அவர் பணி குறையாது, உயரும்.

தொலைபேசியாற் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்பது மற்றொரு மறுப்பு. பெற்றோரின் இந்த அச்சம் நியாயமானது. முன்பின் அறியாதவர் நுழைய முடியாத, ஆசிரியரும் பெற்றோரும் எந்நேரமும் பார்க்கக்கூடிய சிறு வட்டமாக அது அமைய வேண்டும். தெருவிலே ஆபத்து உண்டு என்பதற்காகத் திண்ணையை இடித்துவிடுகிறோமா?

முதலில் கூரையும் மலசலகூடமும் வேண்டும், மென்பொருள் பின்னர் என்பது மூன்றாவது. இதுவே மூன்றிலும் வலியது. கூரை ஒழுகும் வகுப்பறைக்கு முன்னே நின்று மென்பொருளைப் புகழ எனக்கும் நா எழவில்லை. ஆயினும் தொலைபேசி ஏற்கனவே லயத்துக்குள் வந்துவிட்டது. அதற்குரிய பணத்தை ஏழைத் தொழிலாளி ஏற்கனவே செலவிடுகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அச்செலவு மேலும் ஏறியிருக்கிறது. அவர் செலவிடும் பணத்துக்கு முழுப் பயனையும் கோருவது ஆடம்பரமாகாது.

வேண்டுவன

எஹலியகொடவுக்கென்று ஒரு கருவி வகுப்போர் சில உண்மைகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு தொலைபேசி மூன்று பிள்ளைகளுக்குரியது. ஆதலால் ஒரே கருவியில் மூவர்க்கும் தனித்தனி இடம் வேண்டும். அலைத்தொடர்பு எப்போதும் கிட்டாது. ஆகவே தொடர்பில்லாதபோது எழுதியதைச் சேமித்து வைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்ப வேண்டும். காணொளி பணத்தை விழுங்கும். எழுத்தும் சிறு குரற்பதிவும் போதும். சிங்களப் பாடசாலையிற் படிக்கும் நம் பிள்ளை தமிழ் பேசும், ஆனால் எழுதத் தயங்கும்; அப்பிள்ளை குரலாற் கேட்டு, குரலால் விடை பெற வழி வேண்டும். திரையைத் திறந்ததும் முதலிலே தெரிய வேண்டியது பாடமன்று. விடை காணாது காத்திருக்கும் கேள்விகள்.

இவற்றிற் பல ஏற்கனவே முயலப்பட்டவை. இணையமற்ற இடத்திலும் ஒரு சிறு கணினியைச் சுற்றிப் பாடங்களைப் பகிரும் கொலிப்ரி என்னும் இலவச மென்பொருள் பல நாடுகளில் வழங்குகிறது. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலே தமிழ்ப் பாடங்களும் உள்ளன. இவை காற்பங்கை நன்கு தருகின்றன. மிஞ்சிய முக்காற் பங்குக்கு உரியவற்றைச் சேர்ப்பதே வேலை. இரத்தினபுரி மாவட்டத்திலேயே, பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி பயிலும் மாணவர் சிலர் தம் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு தோட்டப் பாடசாலையைத் தேர்ந்து, பிள்ளைகளையும் தாய்மாரையும் அருகில் இருத்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு கருவியை ஆக்கினால் என்ன? பெருந்தொகை தேவையில்லை. பத்துப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓராண்டுப் பொறுமை ஆகிய இவை போதும்.

பாடசாலை மீண்டும் மூடப்படாது என்று எவரும் உறுதி கூற முடியாது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தை எவ்வாறு அலைக்கழித்தன என்பதை நாம் மறக்கவில்லை. அடுத்த முறை வழி அடைபடும்போது, தோட்டத்துச் சிறுமி கேட்கும் கேள்வி, பூட்டிய குழுவின் வாசலிலே நின்றுவிடக் கூடாது. மலைக்கு அப்பாலிருந்து அவளையொத்த இன்னொருத்தி, 'எனக்கும் இது விளங்கவில்லை; வா, சேர்ந்து பார்ப்போம்' என்று விடை எழுத வேண்டும்.

முதற் காற்பங்கை ஆசிரியர் தருவார். மற்றைய முக்காற் பங்கையும் பிள்ளைகள் தமக்குள்ளே தந்தும் பெற்றும் கொள்வர். அதற்கு வேண்டிய திண்ணையைக் கட்டிக்கொடுப்பது வளர்ந்த நம் கடன்.